சூளை ஓரத்து வேன்

மார்கழிப் பனியில் கார் கிளம்பாமல் டக் டக் என்றது. மகளுக்குப் பரீட்சை. "மெக்கானிக்க வரச் சொல்லிட்டேன்" என்றார் கணவர்.

அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். விருத்தாசலத்தில் எங்கள் பீங்கான் பட்டறையில், பனிக்காலம் வந்தால் அப்பா வேனைச் சூளைச் சுவரை ஒட்டி நிறுத்துவார். சூடு பட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பது அவர் கட்சி. பொங்கலுக்குச் சூளையை அணைத்தார்கள். மறுநாள் வேன் கிளம்பவில்லை; இதே டக் டக்தான். அம்மா பானட்டைத் திறந்தாள். பேட்டரி முனையில் பச்சையாகக் களிம்பு பூத்திருந்தது.

"சூடு இங்கதாங்க வேணும்" என்று டீக்கு வைத்த வெந்நீரை ஊற்றித் தேய்த்து, முனையை இறுக்கினாள். வேன் உறுமியது.

நானும் அப்படியே செய்து சாவியைத் திருப்பினேன். மகள் ஏறிக்கொண்டாள்.

"மெக்கானிக் வந்தா டீ குடுத்து அனுப்புங்க" என்றேன் கணவரிடம்.