பெடலை மிதித்தவள்

குருவிநத்தத்தில் எங்கள் வீட்டு வாசலிலேயே பழைய காருக்கு பிரேக் மாஸ்டர் சிலிண்டரை நானே மாற்றினேன். பிரேக் குழாயில் அடைபட்ட காற்றை வெளியேற்ற நான் சக்கரத்தருகே படுத்திருக்க, என் மனைவி பெடலை மிதித்துக்கொண்டிருந்தாள்.

"பெடலு இன்னும் மெத்துனுதாங்க போவுது," என்றாள்.

"ஒனக்கு இன்னா தெரியும், மிதி," என்றேன்.

மறுநாள் இருவரும் பாகூருக்குக் கிளம்பினோம். ஊருக்குள் எப்படியோ பிரேக் பிடித்தது. வழியில், நடவு முடித்த பெண்கள் சாலையைக் கடந்தார்கள். மிதித்தேன், பெடல் தரையைத் தொட்டது. அவள்தான் சட்டென்று ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள். கடைசியாக வந்த பெண்ணுக்கு ஒரு முழம் தள்ளி கார் நின்றது.

"நல்லவேள, நிறுத்திட்டப்பா," என்றார் அந்தப் பெண், என்னைப் பார்த்து.

நான் தலையாட்டினேன். மனைவி ஹேண்ட் பிரேக்கிலிருந்து இன்னும் கையை எடுக்கவில்லை. அவள் நிறுத்திய வண்டிக்கு நான் வாங்கிக்கொண்ட நல்ல பேர் இன்னும் உறுத்துகிறது.