மூடிய கை

அப்பாவுக்கு என் பெயர் மறந்து வெகுநாளாகிறது. ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவருக்கு இப்போது எங்கள் சூரமங்கலத்துத் தெருக்களே பிடிபடுவதில்லை. என்னை யாரோ நல்ல மனசுள்ள பெண் என்று நினைத்து ‘வாங்க, போங்க’ என்று பேசுவார். நான் கோபக்காரி. திட்டினால்கூடப் பொறுத்துக்கொள்வேன், இந்த மரியாதையைத்தான் தாங்க முடியாது.

அன்று அம்மாவின் நினைவுநாள். மாதா கோயில் காலைப் பூசைக்கு அவரை அழைத்துப் போனேன். டவுன் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவருக்குக் கால் தள்ளாடியது. கோயிலுக்கு எதிரில் இருந்த கடையில் உட்காரவைத்து இரண்டு டீயும் ஒரு பன்னும் வாங்கினேன். அவர் பன்னை நனைத்துச் சாப்பிட்டார். நானும் நின்றபடியே என் டீயைக் குடித்தேன். உள்ளே போகும்போது பூசை மணி அடித்துவிட்டது.

வாரநாள் பூசை சீக்கிரம் முடிந்துவிடும். நன்மை என்கிற அப்பத்தை வாங்க எல்லோரும் எழுந்தபோது அவரையும் கைத்தாங்கலாக வரிசையில் நிறுத்தினேன். நான் முதலில் வாங்கி வாயில் போட்டுக்கொண்டு திரும்பிப் பார்த்தேன். சாமியார் அப்பாவின் உள்ளங்கையில் அப்பத்தை வைத்தார். அப்பா ‘ஆமென்’ என்றார். அப்புறம் விரல்களை மூடிக்கொண்டார்.

“சாப்பிடுங்கப்பா” என்றேன் மெதுவாக. அவர் அசையவில்லை.

அந்த அப்பம் எங்களுக்கு ஆண்டவரின் உடல். அதைக் கீழே போடக் கூடாது, வெளியே கொண்டுபோகவும் கூடாது. பின்னால் நின்றவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அவரைத் திரும்ப பெஞ்சில் உட்காரவைப்பதற்குள் சாமியாருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் வந்துவிட்டார்.

“கையைத் தொறங்க பெரியவரே. அத அப்பிடி வெச்சுக்கக் கூடாதுங்க.”

அப்பா மூடிய கையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார். நான் விரலைப் பிரிக்கப் பார்த்தேன். கிழவருக்கு அத்தனை பலம் எங்கிருந்து வந்ததோ, ஒரு விரல்கூட நகரவில்லை. இன்னும் இழுத்தால் உள்ளே நொறுங்கிவிடும் என்று பயந்து விட்டுவிட்டேன். முன் பெஞ்சுகளில் எல்லாத் தலையும் எங்கள் பக்கம் திரும்பியிருந்தது. புத்தி பேதலித்தவரை எதற்கு வரிசையில் நிறுத்தினாய் என்று அத்தனை முகமும் கேட்பதுபோல் இருந்தது. அவமானத்தில் எனக்கு அப்பா மேலேயே ஆத்திரம் வந்தது.

பூசை முடிந்து சாமியார் நேராக எங்களிடம் வந்து, அப்பா பக்கத்தில் உட்கார்ந்தார்.

“ஏனுங்க பெரியவரே, சாப்பிடலீங்களா?”

“டீ குடிச்சுப்போட்டேனுங்க சாமி. பன்னும் தின்னுட்டேன். கையில வாங்குனதுக்கு அப்புறந்தான் நெனப்பு வந்துதுங்க.” மூடிய கையைப் பார்த்தார். “திங்கவும் பயமா இருக்குது. திருப்பிக் குடுக்கவும் பயமா இருக்குதுங்க.”

நன்மை வாங்குவதற்கு முன் ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது. தண்ணீர் குடிக்கலாம் என்று சபையே சட்டத்தைத் தளர்த்திய பிறகும் எங்கள் வீட்டில் அது தளரவில்லை. சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் பல் தேய்க்கும்போது, ஒரு மடக்குத் தண்ணீரும் உள்ளே போகாமல் அப்பா பக்கத்திலேயே நின்று காவல் காப்பார். பெற்ற மகளை மறந்த மனுஷனுக்கு அது மட்டும் மறக்கவில்லை.

“வயசானவங்களுக்கும், அவங்களப் பாத்துக்கறவங்களுக்கும் அந்தக் கட்டுப்பாடு இல்லீங்க” என்றார் சாமியார்.

அப்பா தலையை ஆட்டினார். “எனக்கு மனசு கேக்காதுங்க.”

சாமியார் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். “அப்பச் சரி. டீ குடிச்சு ஒரு மணி நேரம் ஆகட்டும். நானும் இருக்கறேன்.”

உபதேசியார் கதவருகே நின்றார். அப்பா மூடிய கையை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. நடுவில் மறந்துபோய்க் கையை உதறிவிடுவாரோ என்று நானும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் உதறவில்லை.

“ஆயிடுச்சுங்க” என்றார் சாமியார்.

அப்பா விரல்களைப் பிரித்தார். வியர்வையில் ஊறி அப்பம் உள்ளங்கையோடு ஒட்டியிருந்தது. குனிந்து அதை நாக்கால் எடுத்துக்கொண்டார். ஒரு துகளும் மிச்சமில்லாமல் உள்ளங்கையை நக்கினார். கண்ணை மூடி வெகுநேரம் இருந்தார். எனக்கும் உயிர் வந்தது.

கண்ணைத் திறந்ததும் என்னைப் பார்த்தார். என்னை அடையாளம் தெரியவில்லை. ஆனாலும் எனக்காகக் கவலைப்படுகிற முகமாக இருந்தது.

“நீங்களும் எங்கூடத்தானுங்க டீ குடிச்சீங்க? உங்களுக்குப் பயமா இல்லீங்களா, அம்மிணி?”

பார்த்துக்கொள்கிறவர்களுக்கும் கட்டுப்பாடு இல்லை என்று சாமியார் இப்போதுதானே சொன்னார். அதைச் சொல்லி நான் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் வரிசையில் நின்றபோது எனக்கு அந்தச் சட்டம் நினைவிலேயே இல்லை, சலுகையும் தெரியாது. பஸ்ஸில் டிக்கெட் வாங்குவதுபோல் கையை நீட்டி வாங்கியிருந்தேன்.

“இல்லீங்கப்பா” என்றேன். சொன்ன பிறகுதான் பயம் வந்தது.