கூடாரத்துக்கு ஒரு பூட்டு

பூட்டுக்காரருக்குத் தெருவில் ஒரு பட்டப்பேர் உண்டு: நாலு பூட்டு. அவர் வீட்டுக் கதவில் நாலு பூட்டுகள். படுக்கப் போகுமுன் நாலையும் இழுத்துப் பார்ப்பார். படுத்த பிறகு எழுந்து வந்து இன்னொரு தடவை இழுத்துப் பார்ப்பார். இத்தனைக்கும் அந்த வீட்டில் திருடன் ஆசைப்பட ஒரு பழைய மிக்ஸியைத் தவிர ஒன்றும் கிடையாது. அவர் மனைவி நர்ஸ். இரவு வேலை முடிந்து விடிகாலையில் அலுத்துச் சலித்து வந்தால், உள்ளே ஒவ்வொரு பூட்டாகத் திறக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வாசலில் நிற்க வேண்டும். கல்யாணமான நாள் முதல் அப்படித்தான் நின்றார்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுவாரம் அந்த அம்மாள் சொன்னார்: "மலை மேல ஒரு ராத்திரி கூடாரம் போட்டுப் படுக்கணும். பூட்டு கீட்டு எதுவும் எடுத்துட்டு வரக் கூடாது. அந்த ஒரு ராத்திரி உங்களால முடியலன்னா, நான் என் தங்கச்சி வீட்டுக்கே போயிடறேன்."

விளையாட்டுக்குச் சொல்கிற முகமாக இல்லை. பூட்டுக்காரர் தலையை ஆட்டினார். ஆட்டிவிட்டு, கட்டைவிரல் பருமன் பூட்டு ஒன்றைக் காலுறைக்குள் செருகிக்கொண்டார். இதைப் பழக்கதோஷம் என்பதா, கொழுப்பு என்பதா, எனக்குத் தெரியவில்லை.

மாப்பிள்ளையிடம் இரவல் வாங்கிய கூடாரத்தை மலைச்சரிவில் மனைவிதான் கட்டினார். கூடாரத்தின் ஓரங்களில் வைக்கக் கல் பொறுக்கப் போன இவர் எல்லாம் முடிந்த பிறகு வந்து கதவைத் தேடினார். கதவு என்று இருந்தது ஒரு ஜிப்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான். படுங்க."

மனைவி நிம்மதியாகக் குறட்டை விட, இவர் பொட்டுத் தூக்கம் இல்லாமல் அந்த ஜிப்பையே பார்த்துக்கொண்டு கிடந்தார்.

வெளுக்கிற நேரத்தில் அடிவயிறு முட்டியது. வெளியே வந்தவருக்குக் கால் நகரவில்லை. உள்ளே தனியாகத் தூங்குகிறவளை ஒரு ஜிப்பை நம்பி எப்படி விட்டுப் போவது? ஜிப்பின் இரண்டு நாக்குகளையும் சேர்த்துப் பூட்டைப் போட்டார். ரெண்டு நிமிஷத்தில் வந்து எடுத்துவிடலாம், யாருக்குத் தெரியப்போகிறது?

பாறைக்குப் பின்னால் போய்விட்டுத் திரும்பினால், மலையைக் காணோம். எங்கும் மூடுபனி. இடது பக்கமா வந்தோம், வலது பக்கமா? பாறை ஒன்றா, இரண்டா? ஒரு குரல் கொடுத்தால் மனைவி பதில் சொல்வாள். ஆனால் எழுந்தால் ஜிப்பைத் திறக்கப் பார்ப்பாள். பூட்டு தெரிந்துவிடும். வாயை மூடிக்கொண்டு கையால் பனியைத் துழாவியபடி நடந்தார். சற்று முன் தொட்ட பாறையையே மறுபடி தொட்டார்.

கடைசியில் கூடாரத்தின் கயிறு தடுக்கிக் குப்புற விழுந்தார். எழுந்து பார்த்தால் பூட்டு, போட்டது போட்டபடி தொங்கியது. வழக்கம்போல இழுத்தும் பார்த்தார். அப்பாடா என்று திறந்தார்.

உள்ளே ஆள் இல்லை.

போர்வையை உதறினார். கூடாரம் நம்முடையதுதானா என்று வெளியே வந்து பார்த்தார். மறுபடி உள்ளே போனார். அவள் மூக்குக்கண்ணாடி கூட இல்லை. பூட்டை உடைத்துக்கொண்டு ஆள் போன வீடுகளை அவர் எத்தனையோ பார்த்திருக்கிறார். பூட்டினது பூட்டினபடி இருக்க ஆள் எப்படிப் போகும்? அவருக்கு அழுகை வந்துவிட்டது.

"ஏம்மா! எங்க இருக்க?"

"பின்னாடி வாங்க. ஏன் இப்படிக் கத்துறீங்க?"

கூடாரத்துக்குப் பின்னால் சின்ன அடுப்பில் காப்பி கொதித்துக்கொண்டிருந்தது. அவர் கையிலிருந்த பூட்டை மனைவி பார்த்தார்.

"இதுக்குப் பின்பக்கமும் ஒரு வாசல் உண்டு, துணி மடிப்புக்குள்ள தெரியாது. கட்டும்போது நீங்க இல்ல. சரி, யாருக்கு இந்தப் பூட்டு? திருடனுக்கா?"

"இல்ல."

"பின்ன?"

இந்தக் கேள்வியை அவரே தன்னைக் கேட்டதில்லை.

"நீ போயிடுவியோன்னுதான் பயம்," என்றார். சொன்ன பிறகுதான் அது அவருக்கே தெரிந்தது. "தங்கச்சி வீட்டுக்கு எப்ப கெளம்புற?"

மனைவி காப்பியை ஊற்றி நீட்டினார்.

"இந்த வாசல் ராத்திரி பூரா பூட்டாமத்தான் கெடந்துச்சு," என்றார். "நான் போனேனா?"