இரண்டு பக்கமும் முருகன்

கோவிட் அடங்கிக் கோயில்களைத் திறந்துவிட்ட பிறகு எங்கள் ஊர் கிள்ளானில் வெள்ளம் புகுந்ததே, அந்த வருஷக் கடைசியில்தான் மிஸ்ஸி ஸ்டெல்லா எங்கள் வீட்டுக்கு முதன்முதலாக வந்தார், பக்கவாதத்தில் விழுந்த என் மனைவியைப் பார்த்துக்கொள்ள. போன வாரம் அவருடைய அக்கா மகள் போன் செய்து, "அங்கிள், சித்தி போய்ட்டாங்க" என்றாள். எனக்கு எழுத்து தெரியாது. மிஸ்ஸியை அறிந்த உங்களுக்காக நான் சொல்லச் சொல்ல, மருமகள் எழுதுகிறாள்.

நர்ஸை இங்கே மிஸ்ஸி என்போம்; அவர் அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். பிரிக்பீல்ட்ஸிலிருந்து ரயிலேறி வருவார். மனைவியை ஒருக்களித்துப் படுக்க வைத்து, முதுகுக்கு ஒரு தலையணை, முழங்கால்களுக்கு நடுவே ஒன்று என்று அண்டக் கொடுப்பார். "கொஞ்ச நேரங்கழிச்சு மறுபக்கம் திருப்பணும்ண்ணே. ஒரே பக்கம் கிடந்தா தோலு செத்துப்போவும்" என்பார்.

இடப்பக்கம் திருப்பினால் சாமி மேடைக்கு முதுகு. பார்க்க வந்த என் தங்கை கமலா, "என்னாண்ணே, சாமிக்கு முதுகக் காட்டிப் போட்டு வச்சிருக்கீங்க?" என்று கோபித்து, வலப்பக்கமே திருப்பி வைத்தாள். வந்தவர்கள் எல்லாரும் அப்படியே செய்தார்கள். சாமி முகம் பார்த்துக் கிடந்தால் சீக்கிரம் எழுந்துவிடுவாள் என்று நாங்களும் நம்பினோம்.

வலது இடுப்பு சிவந்துபோனது. மிஸ்ஸி விரலால் அழுத்திக் காட்டினார். "அழுத்துனா வெளுக்கணும். வெளுக்கல, பாத்தீங்களா? விட்டா எலும்பு வரைக்கும் புண்ணு போயிரும்." யாரையும் திட்டவில்லை. அறையைச் சுற்றிப் பார்த்தார். "உங்க முருகன் அந்தப் பக்கம் மட்டுந்தான் இருப்பாரா?"

அடுத்த முறை வந்தபோது பையில் ஒரு முருகன் படம் இருந்தது. கழுத்துச் சிலுவை ஆட ஆட, நாற்காலியில் ஏறி எதிர்ச் சுவரில் தாமே ஆணி அடித்தார்.

"மாதா கோயில் மிஸ்ஸி முருகனுக்கு ஆணி அடிக்கிறாங்கப்பா!" என்று கமலா கிண்டல் செய்தாள்.

"பேசாம நாற்காலியப் புடிங்க லா. நான் விழுந்தா திருப்பிப் போட யாரு இருக்கா?"

எல்லாரும் சிரித்தோம். கல்யாணம் ஆகாதவர், தனியாக இருப்பவர் என்பது தெரிந்தும் சிரித்தோம். மனைவியின் சிவப்பு மெல்ல மறைந்தது.

பிறகு ஒருநாள், "காலு வலிண்ணே, சரியானதும் வரேன்" என்று போனில் சொன்னார். எப்போது கேட்டாலும் அதேதான். பிரிக்பீல்ட்ஸை விட்டு அம்பாங்கில் அக்கா மகளின் பிளாட்டுக்குப் போய், அங்கே எழ முடியாமல் கிடந்திருக்கிறார். அந்தப் பெண்ணுக்குப் போர்ட் கிள்ளானில் ஷிப்ட் வேலை. "முதுகெல்லாம் புண்ணாயிருச்சு அங்கிள். வேலைக்குப் போய்ட்டு வரதுக்குள்ள..." என்று அழுதாள். அவளை என்ன சொல்ல? எங்களுக்கு ஒரு வார்த்தை வந்திருந்தால் மருமகளும் நானும் மாறி மாறிப் போயிருப்போம். எப்படித் திருப்புவது என்று அவர்தானே எங்களுக்குக் காட்டிக் கொடுத்தார்.

அவர் வைத்த இடத்தில்தான் இன்றும் தலையணை வைக்கிறேன். நாற்காலியைப் பிடித்த கமலா போன வருஷமே போய்விட்டாள். மிஸ்ஸி பார்த்த நோயாளிகளும் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஒருத்தி மட்டும் இருக்கிறாள். இடப்பக்கம் திருப்பினால் படத்தைப் பார்ப்பாள், பிறகு மிஸ்ஸி வரும் வாசலைப் பார்ப்பாள். அவளிடம் இன்னும் சொல்லவில்லை. என் மனைவி, என் அஞ்சலை.