பன்னிரண்டு பஃப் எங்கே போச்சு?

ஆபீசில் அவளுக்குப் பெயரே தராசம்மாதான். ஆலைகளிலும் கிடங்குகளிலும் உள்ள எடை மேடைகளைச் சரிபார்ப்பது அவள் வேலை. நூறு கிராம் இடித்தாலும் சீல் வைக்க மாட்டாள். ஏழு வயதிலிருந்து வீசிங். ஆனாலும் மாவும் சிமெண்டும் பறக்கிற இடங்களில்தான் பிழைப்பு. காலையும் மாலையும் தடுப்பு மருந்தை இழுத்து, வாயைக் கொப்பளித்து, அவசரத்துக்கு நீல இன்ஹேலரைக் கைப்பையில் போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போய் வருவாள். போன இடத்தில் இரைப்பு வந்தால் யாருக்கும் தெரியாமல் கழிவறைக்குள் போய் அடித்துக்கொள்வாள். தெரிந்தால் அடுத்த முறை வேறு ஆளைப் போட்டுவிடுவார்களே என்ற பயம்.

அந்த வாரம் வியாழக்கிழமை கிளம்ப வேண்டும். பத்து நாள், ஐந்து ஊர். ஞாயிறு மாலை பெட்டி கட்டும்போது இன்ஹேலரில் இன்னும் எத்தனை பஃப், அதாவது எத்தனை அடி, மிச்சம் என்று காட்டும் பின்பக்கச் சிறு கண்ணாடியைப் பார்த்தாள். நூற்றைம்பது. வெள்ளிக்கிழமை நூற்றறுபத்துநாலு என்று பார்த்தது நன்றாக நினைவிருந்தது. நடுவில் அவள் அடித்தது ரெண்டே ரெண்டு.

மீதி பன்னிரண்டு எங்கே போச்சு?

முதலில் புருஷன்மேல்தான் சந்தேகம் விழுந்தது. ரயில் ஓட்டுகிறவர். "இந்தத் தடவை வேற யாரையாவது அனுப்பச் சொல்லேன், உனக்கு மூச்சு சரியில்ல" என்று ஒரு வாரமாக நச்சரித்துக்கொண்டிருந்தார். மருந்து சீக்கிரம் தீர்ந்தால் இவளே பயந்துபோய் வீட்டில் உட்கார்ந்துவிடுவாள் என்று கணக்குப் போட்டிருப்பாரோ? மனசு ஒரு தடவை அந்தப் பக்கம் திரும்பிவிட்டால் பார்ப்பதெல்லாம் அப்படியே தெரிகிறது. அவர் கைப்பையை நகர்த்தி வைத்தாலும் உறுத்தியது, நகர்த்தாமல் விட்டாலும் உறுத்தியது.

திங்கட்கிழமை இன்னும் நாலு குறைந்தது. செவ்வாய்க் காலை அவர் டூட்டிக்குக் கிளம்பும்போது கேட்டேவிட்டாள்.

"என் மருந்தை யாரோ அடிச்சுக் காலி பண்றாங்க."

"யாரோன்னா?"

"வீட்ல இருக்கறதே மூணு பேரு. உங்கக்காவுக்கு இதைக் கண்டாலே இளக்காரம். மிச்சம் யாரு?"

ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "நீ மூச்சு விடுறதுக்கு வச்சிருக்க மருந்தை நான் கொட்டுவேன்னு நெனச்சிட்டல்ல?" பையை எடுத்துக்கொண்டு மூன்று நாள் டூட்டிக்குப் போய்விட்டார்.

புதன்கிழமை விடிந்ததும் பார்த்தாள். அவர் போன பிறகும் மூன்று குறைந்திருந்தது. வீட்டில் இப்போது அவளும் நாத்தனாரும் மட்டும்தான்.

நாத்தனார் புருஷனைப் பறிகொடுத்தபின் தம்பி வீட்டோடு இருந்தாள். பேக்கரியில் மாவு பிசைகிற வேலை. "குழாய் இல்லாம இவ வாசப்படி தாண்ட மாட்டா" என்று வாய் ஓயாமல் கிண்டலடிக்கிறவள். அவளா?

கைப்பையைக் கட்டில்மேல் வைத்துவிட்டு, "குளிச்சிட்டு வரேன் அண்ணி" என்று குரல் கொடுத்தாள். குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுவிட்டுக் கதவிடுக்கில் நின்றாள். தன் வீட்டிலேயே திருடி மாதிரி நிற்பது கூசியது. ஆனாலும் நின்றாள்.

நாத்தனார் வந்தாள். கட்டில் விளிம்பைப் பிடித்தபடி உட்கார்ந்தாள். தோள் ரெண்டும் ஏறி இறங்கின. இன்ஹேலரை வாயில் வைத்து அழுத்தினாள். உள்ளே இழுக்கத் தெரியவில்லை. மருந்தெல்லாம் வெண்புகையாக வாய் வழியே வெளியேறியது. மறுபடி அழுத்தினாள். மறுபடியும் புகைதான்.

கேட்க வேண்டும் என்று நாலு நாளாகச் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் தராசம்மாவுக்கு மறந்துபோனது.

"அப்படி இல்ல அண்ணி. முதல்ல மூச்சை முழுசா வெளிய விடுங்க."

நாத்தனார் திடுக்கிட்டுத் திரும்பினாள். தராசம்மா பக்கத்தில் உட்கார்ந்து, குலுக்கி, அவள் உதட்டில் பொருத்தினாள். "இப்ப மெதுவா இழுங்க... நான் அழுத்தறேன்... அப்படியே பிடிச்சுக்குங்க."

கொஞ்ச நேரத்தில் பேச்சு வந்தது. "கடையில தெரிஞ்சா நிறுத்திடுவாங்கடி. உன்கிட்ட எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்றது? அவ்வளவு கிண்டல் பண்ணியிருக்கேன்."

"எத்தனை நாளா?"

"நாலு மாசமாச்சு. உன்னுதை எடுத்தது இப்பத்தான்."

தராசம்மா பயணத்தை ஒரு நாள் தள்ளிவைத்து, மறுநாளே டாக்டரிடம் கூட்டிப்போனாள். மாவுத்தூசி சேரவில்லை என்றார் டாக்டர். அவர் எழுதிக்கொடுத்த கடிதத்தைப் பார்த்த பேக்கரி முதலாளி ரெண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டு, நாத்தனாரை பேக்கிங் பக்கம் மாற்றினார்.

மூன்றாவது ஊரில் சிமெண்ட் கிடங்கு. மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நெஞ்சு இறுகத் தொடங்கியதும் தராசம்மாவின் கால் வழக்கம்போல் கழிவறைப் பக்கம் திரும்பியது. பிறகு நின்றாள். சூப்பர்வைசரிடம் போய், "எனக்கு வீசிங் இருக்கு. அரை மணி நேரம் லோடிங்கை நிறுத்துங்க" என்றாள்.

அவர் முணுமுணுத்தார். ஆனால் நிறுத்தினார்.

அன்று மாலை புருஷனைப் போனில் கூப்பிட்டாள். "தப்பு என்மேலதாங்க" என்றாள்.

"அக்கா எல்லாம் சொல்லிச்சு," என்றார். "எனக்கு இன்னும் மனசு ஆறல. நீ வேலைய முடிச்சிட்டு வா."

அவள் சரி என்று மட்டும் சொன்னாள்.