தோளைத் தட்ட ஆளில்லாத அறை

ஓசூரில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. அசெம்பிளி லைனில் நிற்பவர் தானாக நகரக் கூடாது. ரிலீவர் அக்கா பின்னால் வந்து தோளைத் தட்டினால்தான் டீயோ பாத்ரூமோ. திரும்பி வரும்வரை நம் இடத்தில் நின்று அவள் ஸ்க்ரூ முடுக்குவாள். நான்கு வருடத்தில் என் உடம்பு அந்தத் தட்டலுக்குப் பழகிவிட்டது.

மதியம் ஷிப்ட் முடிந்ததும் அறைக்கு வந்து கோடிங் கற்றுக்கொள்ள உட்காருவேன். மேசை கிடையாது, ட்ரங்குப் பெட்டிமேல் பழைய லேப்டாப். இதை முடித்து லைனை விட்டு வெளியேறிவிட வேண்டும் என்பதுதான் என் முழு ஆசை. ஊரில், ராயக்கோட்டையிலிருந்து, அம்மா போன் செய்வதும் தக்காளி பறிக்கும் வேலைக்குப் போகாத நாளில்தான். பக்கத்து அறைகளில் கன்னடமும் தெலுங்கும் கேட்கும். என் அறையில் கீபோர்டு சத்தம் மட்டும். ஒரு பிழையைத் திருத்தினால் இன்னொன்று முளைக்கும். பாதியில் எழுந்தால், லைனில்போல, கையிலிருக்கும் பீஸ் ரிஜெக்ட் ஆகிவிடும் என்பதுபோல அசையாமல் உட்கார்ந்திருப்பேன். தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன். என் அறிவு அவ்வளவுதான். பெட்டியின் விளிம்பு மணிக்கட்டில் சிவப்பாகக் கோடு போட்டிருக்கும்.

ஒருநாள் லைனில் ஸ்க்ரூ டிரைவர் கையிலிருந்து நழுவி விழுந்தது. விரல்கள் மரத்துப் போயிருந்தன. இந்தக் கை போனால் லைனும் போச்சு, படிப்பும் போச்சு என்று பயந்துவிட்டேன். ரிலீவர் அக்கா ஓடிவந்தாள். ரூமில் செய்வதைச் சொன்னேன்.

"மூணு மணி நேரமா எந்திரிக்காமயா உக்காந்திருக்க? ஏன்டி?"

"யாரும் வந்து தட்டலியேக்கா." வாயில் தானாக வந்துவிட்டது.

அக்கா சிரித்தாள். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். "போ, டாக்டர்கிட்ட காட்டு. நான் நிக்கிறேன்."

டாக்டர் மணிக்கட்டுக்குப் பட்டை போட்டு, ஒரு வாரம் லேப்டாப்பைத் தொடக் கூடாது என்றார். அதன்பிறகும் அரை மணிக்கொரு தடவை எழுந்து கையை உதற வேண்டுமாம். அந்த ஒரு வாரமும் அறையில் என்ன செய்வதென்றே தெரியவில்லை. படிப்பு படிப்பு என்று நான் சொன்னதில் பாதி, தனியாக இருப்பதற்கு ஒரு துணைக்குத்தான்.

எட்டாம் நாள் பெட்டி விளிம்பில் துண்டை மடித்துப் போட்டு உட்கார்ந்தேன். அரை மணியில் போன் அலாரம் அடித்தது. அணைத்தேன். எழ முடியவில்லை, புரோகிராம் பாதியில் நின்றது. கடைசியில் இடது கையால் என் வலது தோளை நானே இரண்டு தட்டு தட்டினேன். உடம்பு உடனே எழுந்துவிட்டது.

ஜன்னலருகே போய்க் கையை உதறிவிட்டுப் பழக்கதோஷத்தில் திரும்பிப் பார்த்தேன். என் இடத்தில் யாரும் இல்லை.