புவனேஸ்வரியின் சாமந்தித் தோட்டம்

பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையின் மாடியில் எங்கள் கேம் கம்பெனி இருக்கிறது. விளையாட்டு வெளியாகுமுன் அதில் தப்புக் கண்டுபிடிப்பது எங்கள் டீமின் வேலை. ஜெயக்குமார் சார்தான் லீட்; அவர் ஓகே சொன்னால்தான் எதுவும் வெளியாகும். தப்பு ஏதாவது நழுவினால் "எப்படிப் போச்சு?" என்று கேட்பார், "யார் விட்டது?" என்று கேட்கவே மாட்டார். மற்றபடி மகா கறார். சோதிக்குமுன் போனில் பழைய ஆட்டத்தைச் சுத்தமாக அழித்துவிட வேண்டும். எச்சில் தட்டில் ருசி பார்க்கக் கூடாதாம்.

அவர் மனைவி புவனேஸ்வரி அக்காவுக்கு எங்கள் தோட்ட விளையாட்டு என்றால் உயிர். பூப் பறித்தால்தான் அதில் மேலே போக முடியும். அக்கா பறிக்கவே மாட்டார். சாமந்தியைப் புடவையின் கோபுரக் கரைபோல முக்கோணம் முக்கோணமாக நட்டுவைத்து, "பறிச்சா கரை கெட்டுடும்" என்பாராம். போன வருடம் புற்றுநோய் அவரைக் கொண்டுபோய்விட்டது. அவருடைய பழைய போனைத் திறந்து, தோட்டத்துக்கு சார்தான் தினமும் தண்ணீர் ஊற்றிவந்தார்.

பொங்கலுக்கு முன் புதிய பதிப்பு வெளியானது. சாரின் செவிலிமேட்டு வீட்டில் அந்தப் போன் தானாகவே அப்டேட் ஆகியிருக்கிறது. சார் திறந்தால் வெறும் மண். "உங்கள் பெயர் என்ன?" என்று கேட்டதாம். பழைய ஆட்டத்தின்மேல் புதியது ஏறும்போது அந்தப் போன் மாடலில் மட்டும் எல்லாம் அழிந்துபோகிறது. நாங்கள்தான் அழித்துவிட்டே சோதிக்கிறோமே, எங்கே தெரியும்? சர்வரிலும் நகல் இல்லை.

மறுநாள் சார் சொன்னதும் எங்கள் டீமின் கீர்த்தி அழுதுவிட்டாள். "அந்த மாடலப் பாத்தது நான்தான் சார்."

"யாருன்னு நான் கேக்கலியேமா."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பிழையைப் பதிந்து, ‘அவசரம்’ என்று குறித்தாள்.

"அந்த போன்ல எத்தினி பேர் ஆடிக்கினு இருக்காங்க?" என்றார் சார்.

"விரல்விட்டு எண்ணிடலாம் சார். ஆனா..."

"எல்லாருக்கும் வர்ற பிழைங்க வரிசைல நிக்குது. எத்தினி பேருக்கு அடிபடுதுன்னுதான் பாக்கணும். நம்ம வூட்டுக்குன்னா மட்டும் ஒரு நியாயமா?"

"அக்காவோட தோட்டம் சார் அது!"

"அது திரும்பி வராதும்மா."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மனிதரா, கல்லா? அவரே மவுஸை வாங்கி, ‘அவசரம்’ என்பதைப் ‘பிறகு’ என்று மாற்றினார். எழுந்து தன் இடத்துக்குப் போகப் பார்த்தார், முடியவில்லை. கீர்த்தியின் மேசைமேலேயே தலை கவிழ்ந்து, "நான்தானே ஓகே சொன்னேன் புவனா, நான்தானே ஓகே சொன்னேன்" என்று அழுதார்.